இரண்டு கோடு போட்ட ஏர்கன்

மண்ணூரில் எனக்கு இன்னமும் பழகாத காட்சி ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணன் மொட்டைமாடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஏர்கன்னைத் துடைத்துக்கொண்டிருப்பார். பக்கத்திலேயே அவர் மனைவி மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருப்பார். முதல் தடவை பார்த்தபோது நான் படியிலேயே நின்றுவிட்டேன். அந்த மாத வாடகை கொடுத்தாயிற்றா என்று மனம் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டது. அந்தத் துப்பாக்கி வந்த அட்டைப்பெட்டியில் கொம்பு விரித்த மான் படம் இருக்கிறது. வேட்டை மாடலாம். இருப்பதிலேயே விலை குறைந்ததைப் பார்த்துத் தெருக்காரர்கள் சேர்ந்து வாங்கியது. அது இதுவரை வேட்டையாடியதெல்லாம் பலூனும் காலிப் பால் பாக்கெட்டும்தான். அதிலும் பாதி பால் பாக்கெட்டுகள் உயிர் பிழைத்துவிட்டன.

காணும் பொங்கலன்று இங்கே ஏரிக்கரையில் தெருவுக்குத் தெரு போட்டி நடக்கும். ஒவ்வொரு தெருவும் தன் ஏர்கன்னோடு வரும். தெருவுக்கு இரண்டு பேர் பலூன் சுடுவார்கள். எங்கள் மேட்டுத் தெரு வருடம் தவறாமல் கடைசி. 'எங்கள்' என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகத் தயாரிப்புக் கம்பெனியில் கடைசிப் பரிசோதனை வேலை எனக்கு. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து இத்தனை வருடம் ஆகியும் இந்தத் தெருவில் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி "எந்தக் கம்பெனி?" என்பதுதான். எந்த ஊர் என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஷிப்டுக்கு வந்தவன் ஷிப்டு முடிந்தால் போய்விடுவான் என்பது கணக்கு. ஒவ்வொரு பொங்கலுக்கும் கயிற்றுக்கு வெளியே நின்று கைதட்டியிருக்கிறேன். உள்ளே ஒருமுறையாவது நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது, சின்னப்பிள்ளைத்தனமான, வெளியே சொல்ல வெட்கமான ஆசை. போன மார்கழியில், ஏழுமலை அண்ணனோடு வருடாவருடம் சுடும் அவர் மச்சான் பைக்கில் விழுந்து தோளைப் பெயர்த்துக்கொண்டார். அன்று மாலையே அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"மாரி, நீ சுடுவியா?"

"சுடுவேன் அண்ணாச்சி. ஆனா துப்பாக்கி சரியில்லையே."

"அது எனக்குத் தெரியாதா? எங்கயோ பாக்குது, எங்கயோ போவுது. நீதான் கம்பெனில அத்தினி சாமானையும் செக் பண்றியே, இதையும் பாரேன்."

எங்கள் ஊர்ப் பங்குனித் திருவிழாவில் பலூன் கடைத் துப்பாக்கிகளும் இப்படித்தான். எல்லாமே கோணல். என் அக்கா முத்துலட்சுமி காசு கொடுத்ததும் முதல் குண்டை வேண்டுமென்றே வீணாக்குவாள். அது எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அடுத்ததிலிருந்து அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளிப் பிடிப்பாள். "துப்பாக்கி திருந்தாதுல, நாமதான் ஒதுங்கிப் போவணும்" என்பாள். ஊரில் மோட்டார், சைக்கிள், தாலுகா ஆபீஸ் எல்லாவற்றோடும் எங்களுக்கு இந்த ஏற்பாடுதான். கோணலை மனப்பாடம் செய்துகொண்டு பிழைப்போம். இங்கே கம்பெனியிலோ கோணல் இருந்தால் உற்பத்தி லைனையே நிறுத்துவார்கள். ஏன் என்று கேட்டு, அந்த ஏனுக்கும் ஒரு ஏன் கேட்டு, திருத்திவிட்டுத்தான் மறுவேலை. எனக்கு இந்த இரண்டாவது முறை பிடித்துப்போயிருந்தது. ஊரில் பிறந்ததற்கு ஈடாக ஒரு புது அறிவு கிடைத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறைத் தோழன் இசக்கியும் நானும் செங்கல் சூளை மண்மேட்டுக்கு எதிரே கடை விரித்தோம். கட்டையையும் குழலையும் இணைக்கும் திருகுகள் லொடலொடவென்று ஆடின; முடுக்கினோம். ஈயக் குண்டுகளில் நசுங்கியவற்றைப் பொறுக்கி எறிந்தோம். குண்டுகள் சிதறி விழுவது பாதியாகக் குறைந்தது. மீதிக்குக் காரணம் மனிதக் கை ஆடுவதுதான் என்று முடிவுகட்டினோம். கம்பெனிக்காரன் புத்தி வேறு என்ன சொல்லும்? அசையாமல் பிடிக்க, பட்டறையில் இரும்பைக் கவ்வி வைக்கும் வைஸ் ஒன்று கொண்டுவந்து, ரப்பர் வைத்து, துப்பாக்கியை அதில் இறுக்கிக் கட்டினோம். குண்டுகள் சொல்லிவைத்ததுபோல் ஒரே இடத்தில் விழுந்தன. குழலின் மேல் கண்ணுக்குக் கிட்ட இருக்கும் பின்குறியின் திருகைத் திருப்பி அந்த இடத்தைப் பலூனுக்கு நேராகக் கொண்டுவந்தோம். லைனில் முடுக்கிய போல்ட்டுக்குப் போடுவதைப்போலத் திருகின் மேல் மஞ்சள் கோடும் போட்டாயிற்று. ஏழுமலை அண்ணன் வந்து தோளில் வைத்துச் சுட்டார். பலூனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடி சுட்டார். ஒரு சாண் மேலே போனது.

"இன்னாப்பா இது? போட்டிக்கு வைஸையும் தூக்கினு போவணுமா?"

இசக்கி அவமானத்தில் டீ வாங்கப் போய்விட்டான். எனக்குக் கோபத்தைவிட வியப்புதான் அதிகம். இத்தனை ஒழுங்காகப் பிடித்தும் ஏன்? விடை, ஓவர்டைம் பார்த்துவிட்டுக் களைத்து வந்த ஒரு நாள் தானாகக் கிடைத்தது. கையில் இறுக்கிப் பிடிக்கத் தெம்பில்லை. இடது உள்ளங்கையை விரித்துத் துப்பாக்கியை அதன்மேல் சும்மா கிடத்திச் சுட்டேன். குண்டுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக விழுந்தன. உள்ளே இருக்கும் ஸ்பிரிங், குண்டு வெளியேறுவதற்குள் துப்பாக்கியை ஒரு உதறு உதறுகிறது. அந்த உதறலைத் தடுக்கக்கூடாது. ஒவ்வொரு முறையும் ஒரேபோல உதற விட்டுவிட வேண்டும். வைஸில் அது உதறவே முடியவில்லை, அதனால்தான் கைக்கு வந்ததும் வேறிடத்துக்குப் போனது. அண்ணனும் அப்படிப் பிடித்துப் பழகினார். இன்னொரு சங்கதியும் தெரிந்தது. அவர் கண்ணுக்கு நேராகத் திருப்பி வைத்த குறியில் நான் சுட்டால் குண்டு கொஞ்சம் இடதில் விழுந்தது. ஆகவே பழைய கோட்டை அழித்துவிட்டு அவருக்கு மஞ்சளில் ஒன்றும் எனக்கு வெள்ளையில் ஒன்றும் போட்டோம். சுடும் ஆள் தன் கோட்டுக்குத் திருப்பிக்கொள்ள வேண்டியது.

காணும் பொங்கலன்று அண்ணன் சுட்டு முடித்தார். நான் கயிற்றைத் தாண்டினேன். கமிட்டிக்காரர் ஒருவர் கையை நீட்டி மறித்தார்.

"ரூம்ல கீறவங்கள்லாம் தெரு கணக்குல வரமாட்டாங்கப்பா."

நான் திரும்பிப்போகத் தயாராகிவிட்டேன் என்பதுதான் உண்மை. அதற்குப் பழகிய கால்கள். ஏழுமலை அண்ணன் துப்பாக்கியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"தோ பாரு. மஞ்சா என்து, வெள்ளை அவன்து. துப்பாக்கிலயே அவனுக்குக் கோடு போட்டு வெச்சிக்கீறோம். இதுக்கு மேல இன்னா கணக்கு ஓணும் உனக்கு?"

கமிட்டிக்காரர் திருகை உற்றுப் பார்த்தார். சிரித்துவிட்டு வழி விட்டார். மனசு மாறி மறுபடி மறிப்பாரோ என்ற அவசரத்தில் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போய் நின்றேன், சுட்டேன். குண்டு பலூனுக்கு இடதுபக்கம் பலகையில் பட்டது. அப்போதுதான் பார்த்தேன். இவ்வளவு வாதாடிய வெள்ளைக் கோட்டுக்குத் திருகைத் திருப்பவே மறந்திருந்தேன். அண்ணனின் மஞ்சளிலேயே நிற்கிறது. சுட ஆரம்பித்த பிறகு துப்பாக்கியில் எதையும் தொடக்கூடாது என்பது போட்டி விதி. வேறு வழியில்லாமல் முத்துலட்சுமியின் தம்பியாக மாறிப் பலூனைவிட்டு வலதுபக்கம் தள்ளிக் குறி வைத்தேன். மீதிப் பலூன் அத்தனையும் வெடித்தன. இரண்டாம் பரிசு, ஒரு ஹாட்பாக்ஸ். மைக்கில் "மேட்டுத் தெரு, ஏழுமலை, மாரியப்பன்" என்று சொன்னார்கள். கம்பெனி பெயர் சொல்லவில்லை. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

பங்குனியில் ஊருக்குப் போயிருந்தேன். அக்காவும் நானும் திருவிழாப் பலூன் கடைக்குப் போனோம். துப்பாக்கியை வாங்கி உள்ளங்கையில் கிடத்திக்கொண்டேன். சுடுவதற்கு முன்னால் என் கட்டைவிரல் தன்பாட்டுக்குப் பின்குறியைத் தடவிக்கொண்டிருந்தது.

"என்னல தேடுத? அது ஈயம் வச்சுப் பத்தவச்ச குறில்லா, திரும்பாது. முதக் குண்ட வீணாக்கிப் பாரு" என்றாள் அக்கா.

அவள் சொன்னது எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் விரல் இன்னொரு தடவை அங்கே போய், என் வெள்ளைக் கோட்டைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பியது.