எங்கள் வட்டத்தில் நான் பர்மனன்ட் ஆன கதை

என் மேலாளர் அந்தச் சொல்லைச் சொன்னபோது அம்மா அடுத்த அறையில் பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்தாள். மின்விசிறிச் சத்தத்தை மீறிக் கேட்பதற்காக மடிக்கணினியின் ஒலியைக் கூட்டி வைத்திருந்தேன். "இனிமே உங்க எல்லாருக்கும் பர்மனன்ட் ஒர்க் ஃப்ரம் ஹோம்தான். வாடகைக்கு எடுத்த மாடியையே காலி பண்றோம்" என்றார் அவர். பீர்க்கங்காய் சீவும் சத்தம் நின்றது. நின்றதைக் கவனித்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

சாயங்காலம் தெரிந்தது. அம்மா ரவா கேசரி கிளறி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, எங்கள் வரிசையில் ஆறு வீட்டுக்கும் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். எதிர் குவாட்டர்ஸ் அத்தை தன் கேட்டுக்கு உள்ளேயே நின்றபடி கத்தினார்.

"என்னடி, பர்மனன்ட் ஆயிட்டியாமே! கேசரியோட முடிச்சிடலாம்னு பாக்குறியா?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் நான் செய்த முதல் தப்பு.

வேறு ஊரில் இதைச் சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். சுரங்கத்துக்காகக் கட்டி, வட்டம் வட்டமாகப் பிரித்த நகரியமான நெய்வேலியில் போதாது. அப்பா எட்டு வருடம் சுரங்கத்தில் கான்ட்ராக்டாக இருந்தவர். பர்மனன்ட் ஆன பிறகுதான் அவருக்கு குவாட்டர்ஸ் கிடைத்தது. குவாட்டர்ஸ் கிடைத்த பிறகுதான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பெண் கொடுத்தார்கள். அந்தப் பெண் அம்மா. பிறகு நான், ஆஸ்பத்திரி அட்டை, சைக்கிளில் போய்வரும் தூரத்தில் பள்ளிக்கூடம் என்று எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் வந்தன. அம்மாவிடம் போய், மேலாளர் சொன்ன பர்மனன்ட் வேலைக்கு அல்ல, உட்கார்ந்து வேலை செய்யும் இடத்துக்கு என்று எப்படிச் சொல்வது?

உண்மையில் நான் கான்ட்ராக்ட். என் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. மூன்று ஆண்டுகள், அல்லது பட்டியலிலுள்ள கடைசி இயந்திரம் நிறுத்தப்படும் நாள், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை.

அந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையில் ஒரு மருந்து மொத்த வியாபார நிறுவனம் எங்கள் வாடிக்கையாளர். அவர்கள் அலுவலகத்தின் தரைக்கடியில் ஓர் அறை. அதில் அறுபத்தொரு சர்வர்கள். மருந்துக் கடைகளிலிருந்து வரும் ஆர்டர், பில், கிடங்கு இருப்பு எல்லாம் அவற்றில்தான் ஓடின. அவை ஒவ்வொன்றின் வேலையையும் கிளவுடுக்கு மாற்றி, பழையதை நிறுத்துவது என் வேலை. முதல் ஆறு மாதத்தில் நாலே நாலு மாற்றினோம். யாருக்கும் அவசரம் இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர், நன்றாக ஓடுவதை எதற்குத் தொட வேண்டும் என்பார். நான் அந்த இயந்திரத்தின் வரியைப் பட்டியலில் வெள்ளையாகவே விட்டுவிடுவேன். மாற்றிக்கொண்டிருப்பதற்கு மஞ்சள், நிறுத்தியதற்குப் பச்சை.

ஊரடங்கு வந்தது. சென்னையில் தங்கியிருந்த விடுதியைக் காலி செய்துவிட்டு நெய்வேலிக்கு வந்தேன். அந்த நிறுவனத்தில் இருநூறு பேரும் வீட்டிலிருந்து அந்த ஒரே அறையை எட்டிப் பிடிக்கப் பார்த்தார்கள். பத்துப் பேருக்காகப் போட்டிருந்த இணைப்பு திணறியது. ஓர் இயந்திரம் நின்றுபோனால் யாராவது நேரில் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர்தான் அனுமதிச் சீட்டை பைக்கில் ஒட்டிக்கொண்டு, ஆளில்லாத சாலையில் போய் அழுத்திவிட்டு வருவார். ஒரு நாளில் மூன்று தடவைகூடப் போயிருக்கிறார். பிறகு அவருக்கும் காய்ச்சல் வந்து படுத்தார். எட்டு நாள் யாரும் அந்த அறையைத் திறக்கவில்லை. மருந்துக் கடைக்காரர்கள் போன்மேல் போன் போட்டார்கள். வருடக்கணக்காகத் தள்ளிப்போட்ட முடிவை இயக்குநர்கள் ஒரே கூட்டத்தில் எடுத்தார்கள். எல்லாவற்றையும் மாற்றுங்கள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்.

ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா கேட்டார். "கிளவுடுன்னா மேலயா இருக்கு?"

"இல்லப்பா. வேற ஊர்ல, வேற ஒருத்தரோட கட்டடத்துல இருக்கிற கம்ப்யூட்டர். நாம மாச வாடகை குடுத்துப் பயன்படுத்துறோம். ரிப்பேர்லாம் அவங்களே பாத்துப்பாங்க."

"அதாவது சொந்த வீட்ட வித்துட்டு குவாட்டர்ஸுக்கு வர்றானுவ" என்றாள் அம்மா ரசத்தை ஊற்றியபடி. உற்சாகமோ கோபமோ வந்தால் மட்டும் அவளிடம் திருநெல்வேலி எட்டிப் பார்க்கும். "புத்திசாலிங்கதான்."

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் நன்றாக இருந்தன என்று சொல்லச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. ஊரெல்லாம் பயத்தில் இருந்தது. ஆனாலும் எனக்கு நன்றாகத்தான் இருந்தன. மற்ற ஊர்களில் இருந்த என் குழுவினர் பேச்சின் நடுவில் கரன்ட் போய் மறைந்துகொண்டே இருந்தார்கள். எங்கள் நகரியத்தில் கரன்ட் போவது அபூர்வம். "நீ எங்க இருந்து பேசுற, பவர் ஹவுஸ் உள்ளேர்ந்தா?" என்று மேலாளர் ஒருமுறை கேட்டார். பவர் ஹவுஸ் புகைபோக்கி எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரியும் என்றேன். காலையில் அப்பா ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது நானும் உட்கார்ந்துவிடுவேன். வெள்ளை மஞ்சளாகும், மஞ்சள் பச்சையாகும். வாரத்துக்கு ஒன்று என்று போனது இரண்டானது, சில வாரம் நாலானது. வேலை இவ்வளவு ஒழுங்காக நகர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கேசரி கிளறிய அன்று இன்னும் இருபத்துமூன்று வரி பாக்கி இருந்தது. அதனால்தான் அம்மாவிடம் உண்மையைச் சொல்லாமல் தள்ளிப்போட்டேன். இருபத்துமூன்று என்பது நிறைய என்று நினைத்தேன். மூன்று மாதத்தில் ஒன்று ஆகிவிட்டது.

அந்த ஒன்று பட்டியலில் முப்பத்தேழாம் எண். அது என்ன செய்கிறது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. உடம்பு தேறி வேலைக்கு வந்துவிட்ட சர்வர் அறை அண்ணனிடம் கேட்டேன்.

"அது அட்டென்டன்ஸ் மெஷின் மேடம். வாசல்ல கட்டைவிரல் வைப்பாங்கள்ல, அது."

"இப்ப யாரும் வர்றதே இல்லையே?"

"அதுக்குத் தெரியுமா? தினம் காலையில பத்தரைக்கு இருநூறு பேருக்கும் ஆப்சென்ட் போட்டுக்கிட்டிருக்கு. நான் ஒருத்தன்தான் பிரசென்ட். என்னிக்காவது இதக் காட்டி இன்க்ரிமென்ட் கேக்கணும்."

மாற்ற வேண்டியதே இல்லை. பழைய பதிவுகளை நகல் எடுத்துவிட்டு நிறுத்தினால் போதும், அரை நாள் வேலை. நிறுத்தினால் ஒப்பந்தம் முடிந்துவிடும். மூன்று வருட வேலை ஒன்றரை வருடத்தில் தீர்ந்துபோயிருந்தது. நான் அதை மஞ்சளாக்கி, குறிப்புப் பகுதியில் "ஆய்வில் உள்ளது" என்று எழுதி, அப்படியே விட்டேன். ஒன்பது நாள் விட்டேன். யாரும் கேட்கவில்லை. இன்னும் மூன்று மாதம் விட்டாலும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பத்தாம் நாள் காலையில் என் அறையின் மின்விசிறி நின்றுவிட்டது. குவாட்டர்ஸ் புகாருக்கு எப்போதும் வரும் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். பக்கத்து ஊரான முத்தாண்டிக்குப்பத்துக்காரர். நான் பள்ளிக்குப் போன காலத்திலிருந்து வருகிறார்.

"இன்னா பாப்பா, பர்மனன்ட்டு ஆயிட்டியாமே. அம்மா சொல்லிக்கினு இருந்தாங்க" என்றார் ஏணியில் ஏறிக்கொண்டே. "எத்தினி வருசம் கான்ட்ராக்ட்ல இருந்த?"

"ஒன்றரை வருஷம்ணே."

"ஒன்ற வருசத்துலியா!" ஸ்குரூடிரைவரைக் கீழே இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நான் பதினேழு வருசமா கான்ட்ராக்ட்லியே சுத்திக்கினு இருக்கேன். பரவால்ல, நல்லா இரு. நமக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்காச்சும் சீக்கிரம் ஆச்சே."

அவர் குரலில் பொறாமையே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பொறாமை இருந்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். ஏணியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா தப்பாகக் கேட்டது, நான் திருத்தாதது, முப்பத்தேழாம் எண், மஞ்சள் எல்லாம்.

ஏணி ஆடும்படி சிரித்தார். "அட, அப்ப நீயும் நம்ம ஆளுதானா! பக்கத்து வூட்ல அன்னிக்கு சுவிட்ச் மாத்திக்கினு இருந்தேன், எனக்குக்கூட கேசரி குடுத்தாங்களே. ஏமாத்தி வாங்கித் தின்னுட்டனா?"

"சாப்பிட்டதைத் திருப்பிக் கேக்க மாட்டோம்ணே."

"அந்தக் கடசி மெஷின அப்டியே வெச்சிக்கோ பாப்பா. எவன் கேக்கப் போறான்."

மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. அவர் இறங்கிப் புகார்ச் சீட்டை நீட்டினார். "வேலை முடிந்தது" என்று அச்சிட்ட இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் சட்டைப்பையில் இன்னும் ஐந்தாறு சீட்டுகள் இருந்தன. அடுத்ததை எடுத்துப் பார்த்துக்கொண்டே சைக்கிளில் ஏறினார். நான் உள்ளே வந்து கணினியைத் திறந்தேன். அறுபது பச்சை வரிகளுக்கு நடுவில் ஒரு மஞ்சள் வரி. ஒன்பது நாளாக அதைப் பார்க்காமல் திரையை நகர்த்திக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

அன்று மத்தியானம் அம்மாவிடம் சொன்னேன்.

துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் ஒரு தலையணை உறையை இரண்டு தடவை மடித்தாள். "ஏட்டி, அப்பவே சொல்லக் கூடாதா? வட்டம் பூராவும் சொல்லிட்டனே."

"உனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சும்மா."

"சந்தோஷமா இருந்தா பொய் சொல்லச் சொன்னேனா?" உறையை அடுக்கின் மேல் வைத்துவிட்டு, "அத நிறுத்தினா வேல போயிருமா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நிறுத்தாம வச்சுக்கிட்டா?"

"கொஞ்ச நாள் ஓடும். ஆனா செய்றதுக்கு ஒண்ணும் இருக்காது. சும்மா உக்காந்திருக்கணும்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ சும்மா உக்காரமாட்ட. மளிகை லிஸ்டுல வாங்கின சாமான அடிக்கலன்னாலே உனக்குத் தூக்கம் வராது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பத்தேழை நிறுத்தினோம். பதிவுகளை நகல் எடுத்து, இரண்டு முறை சரிபார்த்து, சர்வர் அறை அண்ணனுக்குச் சொன்னேன். அவர் கைபேசியில் அறையைக் காட்டினார். வரிசையாக இருண்ட அலமாரிகள். ஒன்றில் மட்டும் சிறிய பச்சை விளக்கு. கடைசியாக ஒருமுறை வாசலுக்குப் போய்க் கட்டைவிரல் வைத்துவிட்டு வந்தார். "பிரசென்ட்" என்று அறிவித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். விசிறிச் சத்தம் இறங்கி அடங்கியது. அந்த அறையில் அவர் குரல் எதிரொலிப்பதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். "இங்க இவ்ளோ அமைதியா இருக்கும்னு எனக்கே தெரியாது மேடம்." அவரை அடுத்த வாரமே கிடங்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். வெளிச்சமுள்ள இடம், ஜன்னல் இருக்கிறது என்று படம் அனுப்பினார்.

நான் முப்பத்தேழைப் பச்சையாக்கினேன். ஒப்பந்தம் முடிந்த கடிதம் மறுவாரம் வந்தது.

பதினேழு நாள் வேலை இல்லாமல் இருந்தேன். மூன்றாம் நாள், எதிர் குவாட்டர்ஸ் அத்தை கேட்டில் நின்று அம்மாவைக் கேட்பது என் ஜன்னலுக்குக் கேட்டது. "என்னக்கா, பொண்ணுக்கு வேலை போயிடுச்சாமே? பர்மனன்ட்னு சொன்னீங்க?"

"நான் தப்பாக் கேட்டுட்டேன். கான்ட்ராக்ட்தான்" என்றாள் அம்மா. அந்தச் சொல்லை அவள் இவ்வளவு சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "ஆனா வேல போகல. மூணு வருச வேலய ஒன்றர வருசத்துல முடிச்சிட்டா."

பதினெட்டாம் நாள் மேலாளர் கூப்பிட்டார். அந்த மருந்து நிறுவனத்தின் கதையே ஊரெங்கும் நடந்திருந்தது. தரைக்கடி அறைகளை வைத்துக்கொண்டு தடுமாறிய எல்லோரும் ஒரே சமயத்தில் மாறிக்கொண்டிருந்தார்கள், செய்து முடித்த அனுபவமுள்ள ஆள் போதவில்லை. ஒரு ஜவுளி நிறுவனம். வீட்டிலிருந்தே வேலை. கான்ட்ராக்ட். பட்டியல் அன்று மாலையே வந்தது. எல்லா வரியும் வெள்ளை.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே என் தோளுக்கு மேலே எட்டித் திரையைப் பார்த்தாள். "எத்தன?"

"நூத்தி நாப்பது."

மனதுக்குள் கணக்குப் போட்டாள் என்று நினைக்கிறேன். உதடு அசைந்தது. பிறகு வாசலுக்குப் போனாள். எதிர் கேட்டைப் பார்த்து, யாரும் கேட்காமலே, "கான்ட்ராக்ட்தான்! நூத்தி நாப்பது மெஷினு!" என்றாள்.