உழவுக்குப் போன செவலை

போன மாதம் திருப்பத்தூரில் எங்கள் தெருமுனைக் கறிக்கடையில் ஒரு புதுப் பலகை முளைத்தது. ‘ஜவ்வாது மலை மேய்ச்சல் மாட்டுக்கறி. மூட்டைத் தீவனம் கிடையாது. ஊசி கிடையாது. சுத்தமான புல் மட்டுமே!’

படித்தவுடன் எனக்கு வந்த முதல் எண்ணம் – பொய்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். மலைத்தேன் என்று யாராவது கொடுத்தால் வெல்லப்பாகா என்று தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பேன். நாட்டுக்கோழி முட்டை என்றால் டீத்தூள் சாயமா என்று ஈரத்துணியால் துடைத்துப் பார்ப்பேன். “கல்யாணத்தன்னிக்கே தாலியை உரசிப் பாத்தவ இவ” என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். அது அபாண்டம். உரசிப் பார்த்தது என் அப்பா.

மாட்டுக்கறியா என்று முகம் சுளிப்பவர்கள் இந்த வாரம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். எனக்குக் கோபம் இல்லை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்தால் மாட்டுக்கறிக் குழம்புதான். என் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான்.

கடைக்காரர் கலீல் பாய். வருஷக்கணக்கில் பழக்கம். பழக்கம் வேறு, நம்பிக்கை வேறு இல்லையா? போய் நின்றேன்.

“பாய், மலை மாடுன்னா எந்த ஊர் மாடு? யார் வீட்டு மாடு? எங்க மேய்ஞ்சுது? என்ன தண்ணி குடிச்சுது?”

பாய் கத்தியைக் கீழே வைத்தார். “யக்கா, பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்ளோ கேக்க மாட்டாங்க.”

பிறகு ஒரு துண்டு கொழுப்பை எடுத்துக் காட்டினார். மஞ்சளாக இருந்தது. புல் தின்ற மாட்டுக்குத்தான் கொழுப்பு இப்படி மஞ்சளாக இருக்கும், தீவனம் தின்றால் வெள்ளையாக இருக்கும் என்றார். மஞ்சள் என்றதும் எனக்கு மஞ்சள்தூள்தான் ஞாபகம் வந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஒட்டாத சாயமும் இருக்கிறதே…

பாய்க்குப் பொறுமை போய்விட்டது. செவ்வாய்க்கிழமை மலைக்கு ஒரு மாடு பார்க்கப் போகிறேன், வேண்டுமானால் கூட வந்து கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. “அங்க வந்து நீங்க வாயத் தொறக்கக் கூடாது.”

ஏன் திறக்கக் கூடாது? ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் ஏன் இப்படிச் சொல்ல வேண்டும்? அப்போதே முடிவு செய்துவிட்டேன், போயே தீர வேண்டும் என்று.

பாயின் குட்டியானை வண்டியில் கிளம்பினோம். அவர் ஓட்ட, நான் பக்கத்தில். எங்கள் இருவருக்கும் நடுவே சீட்டில் ஒரு புதுக் கயிறு, அதில் கோத்த ஒரு சின்ன மணி, ஒரு குங்குமப் பொட்டலம். கயிறு சரி. கறிக்கடைக்காரருக்கு மணி எதற்கு? குங்குமம் எதற்கு? கேட்டேன்.

“கேக்காம வாங்கக்கா” என்றார். என் சந்தேகம் இன்னும் கொஞ்சம் கொழுத்தது.

வளைவு மேல் வளைவாக ஏறி, புதூர்நாடு தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். டீ வருவதற்குள் மூன்று பேர் பாயிடம் என்னைக் காட்டி விசாரித்துவிட்டார்கள். பேங்க் லோன் வசூலா? ஃபாரஸ்ட் ஆபீஸா? இன்னொருவர் என்னைப் பார்த்தபடியே தன் பைக்கைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார். உலகத்தில் நான் மட்டும் சந்தேகப் பிராணி இல்லை என்று ஓர் ஆறுதல்.

மாட்டுக்காரர் பெயர் கோவிந்தன். என் வயதுதான் இருக்கும். அவர் மனைவி மல்லிகா. அவர்களும் அந்த ஊர்க்காரர்களும் மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள். மாட்டுக் கொட்டகைக்குள் செருப்போடு போகக் கூடாது என்று மல்லிகா சொல்ல, வாசலிலேயே கழற்றினேன்.

கொட்டகைக்குப் பின்னால் புளியமரத்தடியில் நின்றிருந்தது மாடு. செந்நிறம். ஒரு கொம்பு கீழே வளைந்து கண்ணுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. செவலை என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டதும் காதைத் திருப்பியது.

நான் என் வேலையை ஆரம்பித்தேன். தீவன மூட்டை எங்காவது இருக்கிறதா என்று கொட்டகையைச் சுற்றி வந்தேன். இல்லை. தொட்டியில் மூக்கை விட்டு மோந்து பார்த்தேன். வெறும் கஞ்சித் தண்ணீர். மலைச் சரிவில் முழங்கால் உயரத்துக்குப் புல். பலகையில் போட்டிருந்தது அத்தனையும் உண்மை. உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இதற்குள் மல்லிகா பேச்சுவாக்கில் வீட்டு நிலைமையைச் சொல்லிவிட்டார். செவலைக்கு ஜோடி மாடு ஒன்று இருந்தது. போன மழையில் பாம்பு கடித்துச் செத்துவிட்டது. ஒற்றை மாட்டை வைத்து ஏர் பூட்ட முடியாது. செவலைக்கும் வயதாகிவிட்டது, பின்னங்கால் இழுக்கிறது. பக்கத்து ஊரில் ஓர் இளம் ஜோடி பேசி வைத்திருக்கிறார்கள். செவலை போனால்தான் அது வரும். முதல் மழைக்குள் வராவிட்டால் இந்த வருஷம் சாமை விதைக்க முடியாது, நிலம் சும்மா கிடக்கும்.

மரத்தடியில் பாய் வேறு ஆளாக மாறியிருந்தார்.

மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே, ஏரில் வலத்தில் கட்டுவீர்களா, இடத்திலா என்று கேட்டார். வலத்து மாடு, ஆனால் எங்கே கட்டினாலும் இழுக்கும் என்றார் கோவிந்தன். ஆம்பூர் பக்கம் நமக்குத் தெரிந்தவர் ஒருவர், கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறார், உழவுக்குத்தான் கேட்கிறார் என்றார் பாய். கண்கூடக் கொட்டவில்லை.

“அடிக்க மாட்டாங்களே?” என்று கேட்டார் கோவிந்தன்.

“கை ஓங்கக்கூட மாட்டாங்க.”

“தண்ணி?”

“கெணறு இருக்குது. தோப்பும் இருக்குது, நெழல்ல கட்டுவாங்க.”

கோவிந்தன் தலையாட்டினார். பாய் புதுக் கயிற்றை எடுத்து நீட்டினார். மணி சத்தம் கேட்டது. மாட்டை விற்கிறவர் தன் கயிற்றோடு கொடுக்க மாட்டார். பழைய கயிறு வீட்டோடு நின்றுவிட வேண்டும், வாங்குகிறவர்தான் புதிது கொண்டுவர வேண்டும். மல்லிகா மாட்டின் நெற்றியில் குங்குமம் வைத்தார். கோவிந்தன் பழைய முடிச்சில் கை வைத்தார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆம்பூராம்! கிணறாம்! தோப்பாம்! ஓர் அப்பாவி மனிதரை என் கண்ணெதிரே ஏமாற்றுகிறார்கள், நான் வாயை மூடிக்கொண்டு நிற்பதா?

“ஐயா, இவர் கறிக்கடை வெச்சிருக்கார். மாடு உழவுக்குப் போகலை.”

கோவிந்தன் பாயைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. பாதி அவிழ்த்த முடிச்சை மறுபடி போட்டு இறுக்கினார்.

“மாடு குடுக்கறதில்லீங்க. போய்ட்டு வாங்க.”

வண்டி வரைக்கும் மல்லிகா என் பின்னாலேயே வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

“இன்னாத்துக்கும்மா அத வாய்விட்டு சொன்னீங்க?”

“உங்கள ஏமாத்துறாங்களேன்னுதான்…”

“கால் இழுக்கற மாட்ட உழவுக்கு எவன் வாங்குவான்? எங்களுக்குத் தெரியாதா? அந்த மனுசனுக்கு ஒரு வார்த்த வோணும். அத வெச்சிக்கினுதான் கயித்த அவுப்பாரு. இப்ப நீங்க சொல்லிட்டீங்க. இனிமே எப்பிடிம்மா அவுப்பாரு?”

மல்லிகா புடவைத் தலைப்பால் கையிலிருந்த குங்குமத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் போனார்.

மலையிலிருந்து இறங்கினோம். நடுவில் கிடந்த புதுக் கயிற்றின் மணி ஒவ்வொரு வளைவுக்கும் கிணுகிணுத்தது. பாதி மலை இறங்கிய பிறகு பாய் சொன்னார்: வயதாகிவிட்டது, இனி உழவுக்கு ஆகாது என்று மாட்டு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு கோவிந்தனின் சட்டைப் பையிலேயே இருந்ததாம். அது இல்லாமல் மாட்டை வெட்ட முடியாது. டாக்டரிடம் நடையாய் நடந்து அதை வாங்கி வைத்ததே கோவிந்தன்தானாம்.

“உங்களுக்குக் கறி வோணுமா யக்கா, சாட்சி வோணுமா?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. எந்த ஊர், யார் வீடு, எங்கே மேய்ந்தது, என்ன தண்ணீர் குடித்தது – எல்லாம் தெரிய வேண்டும் என்று கேட்டவள் நான்தானே? எல்லாம் தெரிந்துவிட்டது. கேட்காத பெயரும் சேர்ந்து தெரிந்துவிட்டது. கூப்பிட்டால் காதைத் திருப்பும் என்பது வரைக்கும் தெரிந்துவிட்டது. இத்தனையும் தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? என் சந்தேகம் தீர்ந்ததற்கு ஒரு குடும்பத்தின் விதைப்பு போகப் போகிறது. வெட்கமாக இருந்தது.

மழை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலமானால் மலைப் பக்கம் மேகம் கறுக்கிறதா என்று வாசலுக்கு வந்து வந்து பார்த்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று கோவிந்தனின் நம்பரைப் பாயிடம் கேட்டேன். பாய் கையெடுத்துக் கும்பிட்டார். “நீங்க ஒண்ணுமே பேசாம இருந்தா அதுவே பெரிய உதவி” என்றார்.

அடுத்த வாரம் கோவிந்தனே பாய்க்கு போன் செய்தாராம். பாய் அதை என்னிடம் சொன்னபோது, முதலில் நம்பவில்லை. வழக்கம்போல.

“இன்னா சொன்னாரு?”

“உழவுக்கு ஆள் இருந்தா வந்து ஓட்டிக்கினு போ, அந்தம்மா மட்டும் வாணாம்னாரு.”

பாய் போனார். புதுக் கயிறு, மணி, குங்குமம். நான் போகவில்லை. ரெண்டு நாள் கழித்து மலையில் முதல் மழை பெய்தது. கோவிந்தன் புது ஜோடியைப் பூட்டிவிட்டார் என்று பாய் சொன்னார். அதை மட்டும் நான் எந்தக் குறுக்குக் கேள்வியும் கேட்காமல் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து கடைக்குப் போனேன். கொக்கியில் கறி தொங்கியது. கொழுப்பு மஞ்சளாக இருந்தது. நான் விரலை நீட்டவில்லை. பாயும் என்னைப் பார்க்காமல் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

“பாய்… அந்த மாடு நல்லா உழுவுதா?”

கத்தி ஒரு விநாடி நின்றது. பிறகு அவர் தலை நிமிராமல் சொன்னார்.

“நல்லா உழுவுதுக்கா. நெழல்லதான் கட்றாங்களாம்.”

வழக்கமாக வாங்குவதை வாங்கிக்கொண்டு வந்தேன். குழம்பு கொதித்தது. என் வீட்டுக்காரர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, நல்லா இருக்கே, எந்த ஊர் மாடு, விசாரிச்சியா என்று கேட்டார். விசாரிக்கவில்லை என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

செவலை ஆம்பூர் பக்கம் உழுதுகொண்டிருக்கிறது. யார் நிலம், எந்தத் தோப்பு என்று கேட்டு யாரும் எனக்கு எழுத வேண்டாம்.