பத்தாவது போயா

பூனாகலைத் தோட்டத்துப் பெரியாயிக்கு அரசாங்கத்தின் மேல் ஒரே ஒரு தடவைதான் பிரியம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவை எடுத்து, நிலாக் கணக்கில் வாரம் ஒன்றாக வரும் போயா நாளுக்குக் கொடுத்திருந்த காலம் அது. போயாவன்று சாராயத் தவறணையைத் திறக்கக் கூடாது என்று சட்டம். லீவு நாள் தவறாமல் கொஸ்லந்தைத் தவறணையில் குடித்து விழுந்து, இரண்டு பேர் தூக்கிவரும் அவள் புருஷன் சன்னாசி, கதவில் பூட்டைப் பார்த்துவிட்டுத் தன் காலாலேயே நடந்து லயத்து வீட்டுக்கு வந்தான். "நல்லா இருக்கட்டும் கவர்மெண்டு!" என்று பெரியாயி கையெடுத்துக் கும்பிட்டாள்.

கும்பிட்ட கை இறங்குமுன் வந்தது வினை. போயா தவறாமல் சன்னாசி முகம் கழுவி, தலை சீவி, கீழ் லயத்துக்குக் கிளம்பினான். கீழ் லயத்தில் யார்? ஜெயலெட்சுமி! புருஷனை இழந்து அப்பன் வீட்டோடு வந்திருப்பவள். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அப்பன் ரதி-மன்மதன் கதையாடும் காமன் கூத்துக்கு வாத்தியார்தான். ஆனால் கூத்து மாசியில். இவனுக்கு ஐப்பசியிலேயே அங்கே என்ன வேலை? கேட்டால், "சும்மா பேசிக்கிட்டு இருக்கத்தான் புள்ள" என்பான். சும்மா பேச வீட்டிலிருக்கும் கன்னம் போதாதாக்கும்!

கொழுந்து பறிக்கையில் ஜெயலெட்சுமி "அக்கா" என்று கூப்பிட்டால்கூடப் பெரியாயிக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் சன்னாசியின் கோட்டுப் பையில் ஒரு டஜன் சிவப்புக் கண்ணாடி வளையல் கிடந்தது. ஜெயலெட்சுமியின் மெலிந்த கைக்கு அது தொளதொளக்கும் என்பதைக்கூட அவள் யோசிக்கவில்லை. பொறாமைக்குக் கண் ஏது?

'குடிச்சுக் கெடந்தப்பவாவது எனக்குப் புருஷனா இருந்தான்' என்று முடிவு கட்டினாள். ஆற்றோரம் கள்ளச் சாராயம் காய்ச்சும் இடத்துக்குப் போய், கசிப்புப் போத்தல் ஒன்றை முந்தானைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாள். அடுத்த போயாக் காலையில் கருவாடு சுட்டு, போத்தலோடு அவன் முன்னால் வைத்தாள்.

"வேணாம் புள்ள. இன்னிக்கு மட்டும் வேணாம்."

"அவ குடுத்தா வேணும், கட்டுனவ குடுத்தா கசக்குதா?" என்று ஒப்பாரியே வைத்துவிட்டாள்.

அவள் வாயை மூட ஒரு மடக்குக் குடித்தான். குடிகாரனுக்கு ஒரு மடக்கு எங்கே நிற்கிறது? உச்சிப் பொழுதில் தரையில் கிடந்தான். 'இப்ப எப்படிப் போவ?' என்று பெரியாயி கதவோரம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

அப்போது ஜெயலெட்சுமி வந்தாள். கையில் சிவப்புச் சேலை, சவுரி முடி.

"அக்கா, அண்ணனைக் கூப்பிடுங்க. பத்துப் போயா குடிக்காம வந்தா ரதி வேஷம் ஒனக்குத்தான்னு அப்பா சொல்லியிருந்தாரு. ஒன்பது முடிஞ்சிருச்சு, இன்னிக்குப் பத்து. தோத்துட்டா சிரிப்பாங்கன்னு ஒங்ககிட்டக்கூட சொல்லலையாமே. வளையலெல்லாம் அவரே வாங்கிட்டாரு..."

நாற்றம் அவள் மூக்கில் பட்டது. சேலையைத் திரும்ப மடித்து எடுத்துப் போனாள்.

மாசியில் வேறொருவன் ரதியாக ஆடினான். ஊரே வாய்பிளந்து பார்க்க, முன்வரிசையில் அவன் பெண்சாதி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பெரியாயி கூத்தைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்து எரிந்துகொண்டிருந்தாள்.

சன்னாசி அப்புறம் கீழ் லயத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. போயா விடிந்தால் அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொள்வான்.

"நீதானே மறுபடி பழக்குன? ஊத்து, புள்ள" என்பான்.