தண்ணீர் கலந்த மருந்து

என் அப்பாவுக்கு மாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. கப்பலில் வேலை. பத்து மாதம் கடல், இரண்டு மாதம் மாப்பிள்ளையூரணி. அந்த இரண்டு மாதமும் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

மாடு அம்மாவுடையது. சாத்தான்குளத்து மாமா கொண்டுவந்து கட்டிய ஜெர்சிக் கலப்பு. அம்மா ஒன்பது வீட்டுக்குப் பால் ஊற்றினாள். அவள் பாலில் சொட்டுத் தண்ணீர் இருக்காது என்று தெருவே சொல்லும். அந்தப் பேச்சில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

எனக்குப் பத்து வயதானபோது மாட்டுக்கு உண்ணி பிடித்தது. காதுக்குள்ளும் மடியிலும் ஆமணக்கு விதை மாதிரி தொங்கின. அம்மா கடை மருந்தை மூடியால் அளந்து, வாளித் தண்ணீரில் கலந்து துடைத்தாள். முன்பு அதற்கே பொலபொலவென்று உதிர்ந்தவை, இப்போது அசையவே இல்லை.

அம்மா போனில் புலம்பியிருக்கிறாள். அப்பா ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை ஏற்றிவந்த கப்பலில் வந்து இறங்கியபோது, எனக்குச் சாக்லேட்டும் மாட்டுக்கு ஒரு டப்பா மருந்தும் கொண்டுவந்தார்.

"அங்கன மந்தை மந்தையா மாடு வச்சிருக்கான். ஒருத்தன் சும்மாவே குடுத்தான்ளா" என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டார். மந்தை வைத்திருப்பவன் மருந்தை ஏன் சும்மா கொடுக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஊர் உண்ணிகளும் அந்த மருந்துக்குப் பழகி, சாகாமல்தான் போயிருக்கும். இது இப்போது தெரிந்து என்ன புண்ணியம்?

"ஏளா, என்ன போட்டிருக்குன்னு வாசி" என்று டப்பாவை என்னிடம் நீட்டினார். வாசித்தேன். சைபர்மெத்ரின். அம்மாவின் கடைப் பாட்டிலிலும் அதே பெயர்தான். பாவி, அதைச் சொல்லாமல், "ரொம்ப நல்ல மருந்துன்னு போட்டிருக்குப்பா" என்றேன். அவர் என் தலையைத் தடவினார்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து அளவு சொல்ல, அம்மா கலந்தாள். ஒரு வாரமாகியும் உண்ணிகள் சவுக்கியமாகவே இருந்தன.

"கப்பல் மருந்தையும் தண்ணிய ஊத்திக் கெடுத்துட்டியேளா" என்று அப்பா வாசலில் நின்று கத்தினார்.

"நீங்க சொன்ன அளவுதானே கலக்குதேன்" என்றாள் அம்மா. அந்தக் குரல் தெரு வரை போகவில்லை. அவர் குரல் போனது.

பிறகு மாட்டுக்குக் காய்ச்சல். மூத்திரம் காப்பித் தண்ணீர் நிறத்தில் போனது. மாட்டு டாக்டர் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"உண்ணிக் காய்ச்சல், அண்ணாச்சி. முத்திப்போச்சு. ஒரே மருந்தை அடிச்சா உண்ணி சாகாது. மாத்தியிருக்கணும்."

"மாத்துனோமே டாக்டர்! இவதான் தண்ணியக் கலந்துட்டா."

"அந்த டப்பாவக் காட்டுங்க, பாப்போம்."

அப்பா என்னைத்தான் அனுப்பினார். டப்பா தொழுவத்துக் கூரை இறவாரத்தில் செருகியிருந்தது. எடுத்தேன், வைக்கோல் போருக்குள் தள்ளிவிட்டேன். திரும்பி வந்து "காணோம்" என்றேன். அம்மா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் மாடு செத்தது.

சாவு வீட்டில் துக்கம் கேட்கிற மாதிரி வந்த அக்கம்பக்கம், போகும்போது வேறு பேச்சோடு போனது.

"மருந்துலயே தண்ணி ஊத்துனவ, பாலுல ஊத்தாமலா இருந்திருப்பா?"

அம்மாவின் காதில் அது விழுந்தது. என் காதிலும் விழுந்தது. மாமா வேறு மாடு தருகிறேன் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டும் அவள் போகவில்லை. "நான் ஊத்துனா யாரு வாங்குவா?" என்பாள். அப்பா மறுபடி கப்பலேறினார். அவருக்கு எல்லாம் மறந்துபோயிற்று.

ஆசையாகக் கொண்டுவந்த மனுஷர், முகம் சுண்டிப்போவாரே என்றுதான் நான் வாயைத் திறக்கவில்லை. சுண்டிப்போக அம்மாவுக்கும் ஒரு முகம் உண்டு என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.