கல் மூட்டையை அறுத்த கத்தி

எங்கள் வீட்டுக் கொல்லையில் கடலைத் தடுக்க ஒரு சுவர் இருக்கிறது. சிமெண்ட் சுவர் இல்லை. ஆகாத பழைய வலைக்குள் கருங்கல்லை அடைத்து, வாயைத் தைத்து, மூட்டை மூட்டையாக நாங்களே அடுக்கியது. வலை கிழிந்தால் கல் உருண்டு போய்விடும். கல் போனால் அடுத்து அலை கேட்பது என் சமையலறையை.

அந்த வருஷம் மழை தொடங்குவதற்கு முன்பே தெற்கு ஓரத்து மூட்டைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. நான் தைப்பேன், நாலு நாள் கழித்துப் பார்த்தால் வேறொன்று வாயைப் பிளந்து கிடக்கும். நண்டு கடித்திருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். யாரிடம் கதை விடுகிறார்? நண்டு கடித்த வலையைச் சின்ன வயசிலிருந்து தைக்கிறவள் நான். நண்டு இங்கே ஒரு கண்ணி, அங்கே ஒரு கண்ணி என்று பிய்த்துப் போடும். இது ஒரே கோடாக அறுந்திருந்தது. கத்திதான்.

யாருடைய கத்தி என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. எங்கள் சுவர் முடிகிற இடத்தில் பக்கத்து வீடு ஆரம்பம். அவர்களுக்குச் சுவர் இல்லை. எங்கள் கல்லில் மோதுகிற அலை ஓரமாகத் திரும்பித் தங்கள் மண்ணை அரிக்கிறது என்று அந்த வீட்டுக்காரி கோட்டைக்குப்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவள் புருஷனும் என் வீட்டுக்காரரும் ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். அதெல்லாம் பார்த்தால் முடியுமா? அவளோடு பேச்சை நிறுத்தினேன். அவள் கூடையில் கத்தி தெரிந்தது. மீன் விற்கிறவள் கூடையில் கத்தி இல்லாமல் என்ன இருக்கும்? அன்றைக்கு அதுவும் எனக்குச் சாட்சியாகத்தான் பட்டது.

"இன்னாக்கா, மூஞ்ச திருப்பிக்கினு போற?" என்று வழிமறித்துக் கேட்டாள்.

"இன்னான்னு உனுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஒருநாள் பழவேற்காடு மார்க்கெட்டில் கொண்டுபோன மீன் மளமளவென்று விற்றுவிட்டது. வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரும்பிக் கொல்லைப்பக்கம் போனேன். முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று மூட்டையை அறுத்துக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர்.

"யோவ், இன்னாயா பண்ற?"

கத்தியை மறைக்கக்கூட இல்லை அந்த மனுஷன். "அவங்க பின்சுவரு வெடிச்சிகினு நிக்குது. இந்த ஓரம் கொஞ்சம் தாழ்ந்தா தண்ணி நம்ம பக்கமும் ஏறும், அங்க வேகம் கொறையும். அவன் வூடு வுழுந்துச்சுன்னா, அவன் மூஞ்சப் பாத்து நானு எப்டி வலை இழுக்கறது?"

"அப்ப நம்ம வூடு?"

"நம்முது தாங்கும்."

"தாங்கும்னு கடலு வந்து உங்கிட்ட சொல்லிச்சா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ?"

"கேட்டா வேணான்னுவ."

சொல்லியிருப்பேன்தான். அதனால்தான் எனக்கு அப்படிப் பற்றி எரிந்தது. அலை சேலையை நனைக்க அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுக்காரி எப்போது வெளியே வருகிறாள், எங்கே போகிறாள் என்று அத்தனை நாளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள் நான். அதே நாட்களில் என் சொந்த வீட்டிலேயே ஒருவர், நான் எப்போது கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன் என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.