ஊதாவான எங்கள் பூமி

எங்கள் அலுவலகத்தில் பச்சை என்றால் விவசாயம், ஊதா என்றால் தொழிற்சாலை. எங்கள் சின்ன நகரம் இன்னும் இருபது வருடத்தில் எந்தப் பக்கம் வளர வேண்டும், எங்கே வீடு, எங்கே கம்பெனி என்று மாஸ்டர் பிளான் போட்டுக்கொண்டிருந்தோம். முடிவு செய்வது பெரியவர்கள். கம்ப்யூட்டரில் நிறம் அடிப்பது நான்.

ஒரு மத்தியானம், எல்லையோரம் மலையாளச் சீமைக்குள் இருக்கிற தமிழ் ஊரான எங்கள் எருத்தேன்பதிப் பக்கத்து வரைபடத்தைத் திறந்தால், எங்கள் பூமி ஊதா மண்டலத்துக்குள் கிடந்தது. அப்பா விட்டுப்போன பூமி அது. காகிதத்தில் பாதி அண்ணனுக்கு, பாதி எனக்கு. பாடுபடுவது முழுக்க அண்ணன். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, என் பங்கைப் பிரித்து விற்றால் என்ன என்று நான் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

நிலக் கணக்கெடுக்க வந்தவர் போன வருஷச் சித்திரை வெயிலில் வந்திருக்கிறார். அப்போது எங்கள் பக்கம் பூமியைச் சும்மா போட்டு, ஆட்டுப்பட்டி அடைப்போம். ஆடுகள் வயலிலேயே கிடந்து, புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கினால்தான் ஆடியில் விதைக்கிற கடலைக்குத் தெம்பு. வந்த மனிதருக்கு அதெல்லாம் தெரியவில்லை. பயிர் இல்லை, அதனால் தரிசு. தரிசு, அதுவும் ரோட்டோரம், அதனால் தொழிற்சாலைக்குத் தோதான இடம். அவ்வளவுதான் அவர் யோசித்தது.

ஊதா அடித்துவிட்டால் நாளைக்கே யாரும் வந்து பிடுங்கப் போவதில்லை. ஆனால் சுற்றிலும் கம்பெனிகள் வந்து போர்வெல் போட்டுத் தண்ணீரை உறிஞ்சினால் அண்ணனின் கிணறு என்ன ஆகும்? அந்தக் கிணறு போனால் அண்ணனுக்கு வேறு பிழைப்பு தெரியாது.

மேலதிகாரியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "சொந்த பூமியில் நீ கை வைக்காதே. பங்குக்காரன் உன் அண்ணன் வந்து ஆட்சேபம் சொல்லட்டும், பார்க்கலாம்," என்றார் மலையாளத்தில். நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததால் எரிச்சல் இன்னும் அதிகமாக வந்தது.

ஆட்சேபம் கேட்டு வரைபடம் வெளியான அன்றே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, ஆட்சேபம் எழுதிக் குடுத்துருங்க. தேதி தாண்டிப்போச்சுன்னா அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

"பாக்கலாம் அம்மிணி."

"பாக்கலாம்னா என்ன அர்த்தங்ணா? நம்ம பூமிங்க அது."

"உனக்குத் தெரியாததா? நீதான அங்க இருக்கற," என்று வைத்துவிட்டார். கல்லுளிமங்கன் என்று வாய்விட்டே திட்டினேன். அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டாலும் அதே 'பாக்கலாம்'தான். கடைசித் தேதியும் போனது. அவர் ஒரு வரி எழுதவில்லை.

மிச்சமிருந்தது நேர்விசாரணை ஒன்றுதான். பஞ்சாயத்து ஹாலில் ஊரே கூடியிருந்தது. பக்கத்துப் பூமிக்காரர்களுக்கு ஊதா என்றால் கொண்டாட்டம், விலை ஏறுமே. எல்லோரும் ஒரே வேனில் வந்திருந்தார்கள், அண்ணனும் அதில்தான் வந்திருந்தார். மேலதிகாரிக்குத் தமிழ் சரியாக வராது, அலுவலகத்தில் இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் ஊர்க்காரர்கள் சொல்வதை மலையாளத்தில் மாற்றிச் சொல்ல என்னை மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும், ஒரு வார்த்தை கூடவோ குறையவோ கூடாது என்று உத்தரவு.

எங்கள் பூமியின் முறை வந்தது. கடைசி வரிசையிலிருந்து அண்ணன் எழுந்தார். இப்போது அதில் என்ன பயிர் என்று மேலதிகாரி கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"இப்ப ஒண்ணுமில்லீங்க," என்றார் அண்ணன். பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஹாலில் சிரிப்பு எழுந்தது.

நான் அதை மாற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் கதை முடிந்தது. மேலதிகாரி பேனாவோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உத்தரவாவது ஒன்றாவது என்று அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"ஏனுங்க ஒண்ணுமில்ல? அதையுஞ் சொல்லுங்க!"

அண்ணன் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "பட்டி போட்டிருக்குதுங்க. ஆடியில கடலை வெதைக்கோணும்," என்றார்.

முன்வரிசையில் ஒருவர் துள்ளி எழுந்தார். "இதென்னுங்க நாயம்? அந்தம்மிணி அவரு கூடப்பொறந்ததுங்க! பாதிப் பூமி அதும்பேர்லதான் இருக்குது!"

ஹால் முழுக்க என்னைப் பார்த்தது. தெரிந்தே என்னை அங்கே உட்கார வைத்திருந்த மேலதிகாரியின் முகம் சிவந்துவிட்டது. "அப்படியானால் மொழிபெயர்த்தது போதும். பங்குக்காரியாக உன் அபிப்பிராயத்தைச் சொல், பதிவாகட்டும்," என்றார்.

வேலை போகுமோ என்று பயமாக இருந்தது. ஊர்க்காரர்கள் முறைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எம்பங்கு விக்கறதுக்கில்லைங்க. அது பூமியாவே இருக்கோணும்," என்றேன். பிறகு அதையே மலையாளத்திலும் சொன்னேன்.

மழைக்குப் பிறகு வேறொருவரை அனுப்பி நேரில் பார்த்து முடிவு செய்வதாக எழுதிக்கொண்டார்கள். அவர் போனபோது கடலை பூத்திருந்தது, பச்சை அடித்தார்கள். அதை அடித்தது நானில்லை. அந்தப் பக்கத்து வரைபடத்தையே என்னிடமிருந்து மாற்றிவிட்டார்கள்.

விசாரணை முடிந்த அன்று அண்ணனை வேனில் ஏற்றிக்கொள்ள ஆளில்லை. பஸ்ஸுக்கு நின்றவரிடம் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்ணா ஒரு வரி எழுதிக் குடுக்கல? அத்தனை வாட்டி தலையால அடிச்சுக்கிட்டனே!"

அவர் ரோட்டைப் பார்த்தபடியே இருந்தார். "கலர் அடிக்கறது நீதான்னு ஊருக்கே தெரியுமே அம்மிணி. பொங்கலுக்குப் பங்கு கேட்ட. ஊதா அடிச்சதும் நீதான்னு நெனச்சுட்டேன்."

"அப்ப சட்டையப் புடிச்சுக் கேட்டிருக்கலாமில்ல?"

"என்னன்னு கேக்கறது? நீ வாய்விட்டுக் கேட்டப்பவே நாங் குடுக்கல. உனக்கு அத்தனை அவசியமாட்ட இருக்குது, போனாப் போகுதுன்னு இருந்துட்டேன்."