வெந்தயம் போட்டு அரைத்த வீரர்கள்

அம்மாவுக்கு எந்த மொழியிலும் எழுத்து தெரியாது. ஆனாலும் எங்கள் வீட்டில் அதிகம் புத்தகம் பார்த்தவள் அவள்தான். எல்லாம் பிரெஞ்சுப் படக்கதைகள். அப்பா சைகோனில், கான் ஹொய் துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் எழுத்தராக இருந்தார். ஊருக்குத் திரும்பிய பிரெஞ்சுக்காரர் யாரோ விட்டுப்போன சாமான்களில் ஒரு கட்டுப் படக்கதை கிடந்தது. மீன் மடிக்க ஆகுமென்று வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா ஒரு தாளைக்கூட மடிக்க விடவில்லை.

அப்பாவின் வயதுக்காரர்கள் சிறுபிள்ளையில் படித்திருக்கக்கூடிய பழைய இதழ்கள் அவை. சிலவற்றில் கழுத்தில் நீலத் துண்டு கட்டிய ஒரு விமானி வருவான். இறக்கை ஒடிந்து பாலைவனத்திலோ பனிமலையிலோ விழுவான். எப்படியாவது எழுந்து வருவான். சிலவற்றில் கப்பலில் சமைக்கும் ஒரு குண்டன். அவன் வைத்த சூப்பைக் குடித்துக் கொள்ளைக்காரர்கள் மயங்கி விழுவார்கள். பிரெஞ்சில் அவர்களுக்கு வேறு பெயர்கள். அம்மாவுக்கு ஒருவன் துண்டுக்காரன், இன்னொருவர் தொப்பை மாமா.

படத்தைப் பார்த்து அவளே கதை கட்டுவாள். துண்டுக்காரன் பெட்ரோல் தீர்ந்து காரைக்கால் கடற்கரையில் இறங்கி, அம்மாவின் சித்தி வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் சண்டைக்குப் போவான். நான் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தேன். அச்சில் இருப்பது வேறு கதை என்று எனக்குத் தெரியும். சொன்னதில்லை. அச்சில் இருந்ததைவிட அம்மாவின் கதை நன்றாக இருந்தது.

பிறகு போர் முடிந்து கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. பழைய ஆட்சிக்காலப் புத்தகங்களையும் வெளிநாட்டுப் புத்தகங்களையும் ஒப்படைக்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எங்கள் சந்தில் பலர் இரும்பு வாளிகளில் போட்டு எரித்தார்கள். கொடியில் காய்ந்த துணிகளில் கரி படிந்தது. அப்பா பிரான்சுக்குப் போக விண்ணப்பித்திருந்தார். காரைக்கால்காரர்கள் என்பதால் எங்களிடம் பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதம் இருந்தது. ஆனால் வெளியேற அனுமதி கிடைக்க வட்டார அலுவலகத்தில் எங்களைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல வேண்டும். துண்டுக்காரனின் விமானத்து வாலிலோ பிரெஞ்சுக் கொடி இருந்தது.

"எரிச்சா பொகை வரும். கொண்டுபோய்க் குடுத்தா இவ்வளவு நாளு ஏன் வச்சிருந்தேம்பான். ஊறப் போட்டுடு" என்றார் அப்பா.

"ஊறப் போட்டு?"

"அரைச்சுக் கூடை பண்ணு. ஒங்க வூட்டுல பண்ணுவீங்கள்ல?"

"பழைய காயிதத்துலதாங்க பண்ணுவோம். ஆளுவளப் போட்டு அரைக்க மாட்டோம்."

"ஆளா? படம்டி அது."

"ஒங்களுக்குப் படம்."

ஆனாலும் அம்மாவே தாள்களைக் கிழித்து அண்டாவில் ஊற வைத்தாள். தண்ணீர் முதலில் மஞ்சளாகி, பிறகு கலங்கிச் சாம்பல் நிறமானது. வயிற்று வலிக்கென்று பத்திரமாக வைத்திருந்த வெந்தயத்தை எடுத்து ஊறவைத்தாள். கூழ் இறுகிப் பிடிக்கவும் பூச்சி அரிக்காமல் இருக்கவும் வெந்தயம் சேர்ப்பார்கள். அந்த நாளில் சைகோனில் வெந்தயம் எளிதில் கிடைக்காது.

"மொதல்ல தொப்பை மாமாவ எடு புள்ள" என்றாள் என்னிடம். "அவரு எப்படியும் சட்டியில கெடந்தவருதானே." சிரிப்பதற்காகச் சொன்னதுதான். இருவரும் சிரிக்கவில்லை.

கவிழ்த்த பானைமேல் கூழை அப்பி, வெயிலில் காயவைத்துக் கழற்றினாள். அழகான கூடை. அதன் வெளிப்பக்கத்தில் துண்டுக்காரனின் முகத்தைக் கழுத்துத் துண்டோடு வெட்டி ஒட்டி, அதன்மேல் வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பாகிட்ட சொல்லாத. இவன் ஒருத்தன் இருந்துட்டுப் போறான்."

வட்டாரப் பொறுப்பாளர் பெண் சோதனைக்கு வந்தாள். முன்பு எங்கள் சந்து முனையில் ஒட்டரிசிச் சோறு விற்றவள்தான். கட்டிலுக்கடியில், அலமாரியில் பார்த்தாள். ஒன்றுமில்லை. போகும்போது கூடையைத் தூக்கினாள்.

"அக்கா, கல்லு மாதிரி இருக்கு, கனமே இல்லையே! எப்படிச் செஞ்சே?" என்று வியட்நாமியில் கேட்டாள். "எங்க ஆபீஸ் மேசைக்கு நல்லா இருக்கும்."

அம்மா வாய் திறக்கும் முன்பே அப்பா, "எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க" என்றார்.

அதன்பின் வட்டார அலுவலகத்துக்கு அரிசி வாங்கப் போகும்போதெல்லாம் அந்தக் கூடையைப் பார்த்தோம். எங்கள் சந்துக்காரர்களின் ரேஷன் அட்டைகள் அதில் கிடந்தன. மழைக்காலம் வந்தது. ஒருநாள் வரிசையில் நிற்கும்போது அம்மா என் கையை அழுத்தினாள். கூடையின் வெள்ளைத் தாள் உப்பி ஓரம் பிரிந்திருந்தது. கீழே கொஞ்சம் நீலம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். அவர் சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்தார்.

"இன்னிக்குத் துண்டு தெரியுது. நாளைக்கு மூஞ்சி தெரியும். நம்ம காயிதம் அவ கையிலதான் இருக்கு. எதுக்குடி வச்ச?"

அம்மா தட்டை எடுத்துக் கழுவப் போனாள்.

மறுநாள் என்னை அழைத்துக்கொண்டு அலுவலகம் போனாள். அவளுக்குத் தெரிந்தது சந்தை வியட்நாமி. பேச வேண்டியவள் நான். கடையில் உப்பு கேட்கவே எனக்கு நா எழாது. மழையில் கூடை உப்பிவிட்டது, அம்மா சரிசெய்து தருவாள் என்று மேசைக் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அந்தப் பெண் அட்டைகளை மேசையில் கொட்டினாள். கூடையைத் திருப்பி, பிரிந்த ஓரத்தை நகத்தால் நெம்பினாள். "உள்ள என்ன நீலமா?"

தன் சந்தை வியட்நாமியில் அம்மாவே சொன்னாள்: "துணி. பழைய துணி."

துணி இல்லை என்பது விரலுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் பிரிந்த ஓரத்தை அவளே அழுத்திவிட்டாள். பிறகு எழுந்து போய், மூலையிலிருந்து பழைய அறிவிப்புத் தாள்களைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள்.

"மெல்லிசுத் தாள் நிக்காது. இதை ஒட்டச் சொல்லு. தடிமனா."

கூடையை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், படத்தைப் பிய்த்து எறிந்துவிடச் சொன்னார் அப்பா. அம்மா மெல்ல இழுத்துப் பார்த்தாள். வெந்தயக் கூழ் விடவில்லை. இழுத்தால் முகம் பாதியாகக் கிழியும். கையை எடுத்துவிட்டாள். கஞ்சிப் பசையைத் தடவி அறிவிப்புத் தாள்களை ஒவ்வொன்றாக ஒட்டினாள். முதலில் நீலத் துண்டு மறைந்தது, பிறகு தாடை. கண்ணருகே வந்ததும், "மூடிக்கடா" என்றாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அனுமதி வந்தது. எவ்வளவோ காத்திருந்த பிறகு வந்தது. கடைசி முத்திரைக்காக அலுவலகம் போனபோதும் கூடை அதே மேசையில் இருந்தது. அம்மா அதன் பக்கம் திரும்பவில்லை.

இங்கே, பிரான்சில், பழைய புத்தகக் கடைகளில் நீலத் துண்டு விமானியைக் கேட்டிருக்கிறேன். கடைக்காரர்கள் பெயர் கேட்பார்கள். பிரெஞ்சுப் பெயர் எனக்கு மறந்துவிட்டது. அவர்களுக்கும் அப்படி ஒருவனைத் தெரியவில்லை.

வந்த புதிதில் அப்பா ஒரு படக்கதை வாங்கி வந்தார். பளபளவென்ற தாள், புது வீரர்கள். அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, ஏதோ கேட்கப்போகிறவர் போல நின்றார். அம்மா சில பக்கங்களைப் புரட்டினாள்.

"இவனுவள எனக்குத் தெரியலியேங்க" என்று சொல்லி மூடிக் கொடுத்துவிட்டாள்.